கருங்கோழியா, அசிலா, சிறுவிடையா: மலைவீட்டுக்குச் சுத்தக் கோழி தேடும்போது

போன தை மாதம் ஒரு காலை, பஞ்சாரத்தைத் தூக்கி அடைக்கோழியை வெளியே விட்டுவிட்டு, குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்பது குஞ்சுகள். ஏழுக்கு அலகு, கால், முகம் எல்லாம் மை தடவியது போலக் கருப்பு. மீதி இரண்டுக்கும் மேல்மயிர் கருப்புத்தான். ஆனால் முகத் தோல் வெளிறி இருந்தது, கால் ஈய நிறம், அலகை விரலால் மெல்லத் திறந்தால் நாக்கு இளஞ்சிவப்பு. தாய் கருப்பு, தகப்பனும் கருப்பு. இரண்டையும் ‘ஒரிஜினல் கடக்நாத்’, அதாவது அசல் கருங்கோழி, என்று சொல்லித்தான் விற்றார்கள்; சாதாரண நாட்டுக்கோழியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினேன்.

விற்றவரிடம் போய்ச் சண்டை போடவில்லை. வாங்கும்போது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவே இல்லை என்பது அந்த இரண்டு குஞ்சுகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அதன் பிறகு ஒரு வருடமாகக் கோழிக்காரர்கள், கால்நடை மருத்துவர், பக்கத்து ஹட்டியில் (படகர் ஊரில்) நாற்பது வருடமாகக் கோழி வளர்க்கும் ஒரு அம்மா என்று பலரிடம் கேட்டுக் கேட்டு, என் கூட்டிலும் பொரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எழுதக் காரணம் என் அக்கா. நான் இருப்பது கோத்தகிரிக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில். அவள் கூடலூர் பக்கம். அங்கே உயரம் 1,000 மீட்டரைச் சுற்றித்தான். “பத்துக் கோழி வளர்க்கலாம்னு இருக்கேன். கருங்கோழி வாங்கட்டுமா, அசில் வாங்கட்டுமா, இல்ல நம்ம சிறுவிடையே போதுமா? எதை வாங்கினாலும் கலப்புன்னு பின்னாடி தெரியக் கூடாது” என்றாள். அசில் என்பது சண்டைக்கோழி இனம், சிறுவிடை நம் ஊர்ச் சிறிய நாட்டுக்கோழி. கேட்பதற்கு ஒரு கேள்வி போலத் தெரிகிறது, உள்ளே இரண்டு கேள்வி இருக்கிறது. எந்தக் கோழி நம் இடத்துக்குத் தோது என்பது ஒன்று. அந்தக் கோழி அதுதானா என்று எப்படி அறிவது என்பது இன்னொன்று.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு முட்டையும் எப்போதாவது கறியும் போதும் என்றால் சுத்த இனத்தைத் தேடி அலைய வேண்டாம். வனராஜாவும் கிராமப்ரியாவும் ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கியவை. கிரிராஜா பெங்களூரில் உருவானது. நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழியும் புறக்கடை வளர்ப்புக்காகவே வந்தது. இவை எல்லாம் கொல்லைப்புறத்தில் மேய்ந்து, நாட்டுக்கோழியைவிட அதிக முட்டை போட வேண்டும் என்று யோசித்து உண்டாக்கிய கோழிகள். நம் சாதாரண நாட்டுப் பெட்டை வருடத்துக்கு ஐம்பது, அறுபது முட்டை போட்டால் பெரிது. கிராமப்ரியா அதைப் போல இரண்டு மூன்று மடங்கு போடும். கலப்பு என்பது கெட்ட வார்த்தை இல்லை. வனராஜாவை வனராஜா என்று சொல்லி, வனராஜா விலைக்கு விற்றால் அதில் ஒரு குறையும் கிடையாது.

சுத்தம் எப்போது முக்கியமாகிறது என்றால், அந்தக் கோழியின் முட்டையை நாமே அடை வைத்து அடுத்த தலைமுறையை எடுக்க நினைக்கும்போது. வனராஜா முட்டையைப் பொரித்தால் வனராஜா வராது. தாயைப் போல ஒன்று, பாட்டியைப் போல ஒன்று, யாரையும் போல இல்லாமல் ஒன்று என்று கலைந்து வரும். சுத்த இனம் என்றால் குஞ்சுகள் பெற்றோரைப் போலவே வரும். சுத்தம் என்ற சொல்லுக்கு இதைத் தாண்டி எனக்கு வேறு பொருள் தெரியவில்லை. அக்காவுக்கு வேண்டியதும் இதுதான், ஏனென்றால் குஞ்சு விற்றுக் கொஞ்சம் காசு பார்க்கலாம் என்பது அவள் எண்ணம்.

கருங்கோழி

கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துக் கோழி. 2018இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோல், தசை, எலும்பின் மேல்சவ்வு, உள்ளுறுப்புகள் வரை கருமை பரவியிருக்கும். ரத்தமும் கருப்பு என்று சொல்வார்கள், அது கதை. அறுத்தால் சிவப்பாகத்தான் வரும். முட்டையும் கருப்பில்லை, வெளிர் பழுப்பு, அளவில் சிறியது. கருப்பு முட்டையைக் காட்டி யாராவது விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

இங்கே நாம் சறுக்குவது இறகைப் பார்த்துத்தான். முழுக் கருப்பு இறகு என்றால் சுத்தம், கழுத்தில் வெள்ளைக் கோடோ பொன்னிறமோ இருந்தால் கலப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். கடக்நாத்திலேயே மூன்று வகை உண்டு: முழுக் கருப்பு, இறகில் பென்சில் கோடு போட்டது போன்றது, பொன்னிறம் கலந்தது. மூன்றும் கடக்நாத்துதான். கழுத்தில் பொன் மினுக்கும் நல்ல சேவலைக் கலப்பு என்று கழித்துவிட்டு, முழுக் கருப்பாக நின்ற கலப்புச் சேவலைத்தான் நான் கூண்டில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னொரு குழப்பமும் சேரும். எல்லை தாண்டினால் கேரளம். அங்கிருந்து வரும் தலச்சேரிக் கோழியும் கருப்பு இறகுதான். கழுத்திலும் முதுகிலும் வாலிலும் வெயில் பட்டால் நீலம் மினுங்கும். கால் கருஞ்சாம்பல், தோலும் சாம்பல் ஓடியிருக்கும். ஆனால் ஒற்றைக் கொண்டை பெரிதாக, நல்ல சிவப்பாக நிற்கும். சிவப்புக் கொண்டையைப் பார்த்துவிட்டு “இது கலப்புக் கடக்நாத்” என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கலப்பு இல்லை, அது இன்னொரு சுத்த இனம். இதையே கடக்நாத் என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு என்பதால் சொல்கிறேன்.

அப்புறம் எதைப் பார்ப்பது? கொண்டையிலிருந்து தொடங்காதீர்கள், கடக்நாத் கொண்டை கருமையும் ஊதாவுமாகக் கலந்துதான் இருக்கும், முட்டையிடும் நாட்களில் கொஞ்சம் சிவப்பு ஏறியும் தெரியும். கோழியை இடது கையில் அணைத்துப் பிடித்து, வலது கைக் கட்டைவிரலால் அலகைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். நாக்கு, மேலண்ணம், அலகின் உள்விளிம்பு மூன்றும் கருமையாக இருக்க வேண்டும். திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பு இருந்தால் சந்தேகப்படலாம். அடுத்து இறக்கையை விரித்து அடியில் உள்ள தோல், வாலைத் தூக்கினால் தெரியும் துவாரத்தைச் சுற்றிய தோல், கடைசியாக உள்ளங்கால். கால்விரல் நான்குதான் இருக்க வேண்டும். ஐந்து இருந்து, இறகும் பஞ்சு போல இருந்தால் அது சில்க்கிக் கோழியின் வழி. அதற்கும் தோல் கருப்பு.

இதெல்லாம் சரியாக இருந்தும் நான் ஏமாந்தேன். என் சேவலுக்கு நாக்கு கருப்பு, அண்ணம் கருப்பு, எல்லாமே கருப்பு. ஏன் என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு உதவும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பெரும்பாலான குணங்களுக்குத் தகப்பன் வழி ஒன்று, தாய் வழி ஒன்று என்று இரண்டு மரபணுப் பிரதிகள் உண்டு. உடல் முழுக்கக் கருமையைப் பரப்பும் இந்தக் குணம் மேலோங்கும் வகை. இரண்டில் ஒன்று இருந்தாலே கோழி கருத்துவிடும். ஆக, பாதிக் கடக்நாத்தும் பார்வைக்கு முழுக் கடக்நாத் மாதிரி நிற்கும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒரு குஞ்சு வெளிறி வரும் என்பது கணக்கு. எனக்கு ஒன்பதில் இரண்டு வந்தது.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, கருங்கோழி வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. வெள்ளைக் கால், மஞ்சள் கால் உள்ள கோழிகளிடம் தோலின் கருமையை அமுக்கிவிடும் வேறொரு குணம் இருக்கிறது. அது பாலினத்தோடு சேர்ந்து கடத்தப்படும். சேவல் குஞ்சுக்குத் தாயிடமிருந்து அது போகும், பெட்டைக் குஞ்சுக்குத் தாயிடமிருந்து போகாது. பேட்சன், புன்னெட் என்ற மரபியல் அறிஞர்கள் சில்க்கிக் கோழியை லெகார்ன் என்ற சீமைக் கோழியோடு சேர்த்துப் பார்த்து 1911இல் எழுதியது இந்த விஷயத்தைத்தான். நம் கொல்லைக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும்: கடக்நாத் சேவலை வெள்ளைக்கால் நாட்டுப் பெட்டையோடு விட்டால், பிறக்கும் பெட்டைகள் கருகருவென்று இருக்கும், அவற்றின் அண்ணன் தம்பிகள் வெளுத்திருப்பார்கள். வெளுத்த சேவல்களைக் கறிக்குத் தள்ளிவிட்டு, கருத்த பெட்டைகளை மட்டும் ‘ஒரிஜினல்’ என்று விற்றால் யாருக்குத் தெரியும்?

அதனால்தான் அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்: “பெட்டையைக் காட்டினா, அதே ஈத்துச் சேவல் எங்கேன்னு கேளு.” ஒரே அடையில் பொரித்த சேவலும் பெட்டையும் சேர்ந்து நின்று, எல்லாமே கருப்பாக இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. “சேவலெல்லாம் போன வாரமே போயிருச்சுக்கா” என்று பதில் வந்தால், அது உண்மையாகவும் இருக்கலாம்; ஆனால் நான் வாங்க மாட்டேன்.

பாதிச் சந்தேகம் என்று ஏன் சொல்கிறேன்? தாய்ப் பெட்டை ஈயக்கால் கோழியாக இருந்தால் அமுக்கும் குணம் அதனிடம் இருக்காது. அப்போது கலப்பில் பிறந்த சேவலும் கருப்பாகவே வரும். என் சேவல் அப்படி வந்ததுதான். வெளிறிய குஞ்சுகளின் ஈய நிறக் காலைப் பார்த்தபோதுதான் அது புரிந்தது. தலச்சேரி ரத்தம் ஓடும் கருங்கால் கோழிகள் நிறைந்த கூடலூரில் இந்த ஏமாற்றம் நடக்க இன்னும் அதிக வாய்ப்பு.

இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. சந்தேகப்படும் கருப்புச் சேவலை ஈயக்கால் உள்ள, கருந்தோல் இல்லாத நாட்டுப் பெட்டையோடு தனியாக விட்டு ஒரு அடை பொரித்துப் பாருங்கள். சேவல் சுத்தமானால் குஞ்சு அத்தனையும் கருக்கும். பாதிக் கலப்பானால் ஏறக்குறையப் பாதிக் குஞ்சு வெளுக்கும். அப்படிப்பட்ட கலப்புச் சேவலுக்கு ஒன்பது குஞ்சும் கருப்பாகவே அமைய 512இல் ஒரு வாய்ப்புத்தான். கருப்பையும் கருப்பையும் சேர்த்துச் சோதித்தால் இந்த அளவு துல்லியம் கிடைக்காது. இரண்டுமே கலப்பாக இருந்தும் ஒன்பது குஞ்சும் கருப்பாகவே வந்து நம்மை ஏமாற்ற, பதிமூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

அசில்

அசிலில் ஏமாற்றுவது கொஞ்சம் கடினம், ஏனென்றால் அதன் உடற்கட்டே வேறு. நிமிர்ந்த நிற்பு, நீண்ட கழுத்து, அகலமான தோள், கால்கள் இரண்டும் விலகி ஊன்றியிருக்கும். இறகு குட்டையாக, உடம்போடு ஒட்டி, கையில் தடவினால் கெட்டியாக இருக்கும். பஞ்சு மயிர் குறைவு. வளர்ந்த கோழியின் நெஞ்செலும்பு மேலும் இறக்கை மூட்டிலும் சிவந்த தோல் வெளியே தெரியும். நம் ஊரில் பெருவிடை என்பதும் பெரும்பாலும் இந்த வழிக் கோழியைத்தான்.

ஆட்கள் முதலில் பார்ப்பது கொண்டை. அசில் வளர்ப்பவர்கள் அதைப் ‘பூ’ என்பார்கள். சிறிதாக, தலையோடு ஒட்டி, மூன்று வரிசைப் பட்டாணி பதித்தது போல இருக்க வேண்டும். ஆனால் பட்டாணிக் கொண்டையும் மேலோங்கும் குணம்தான். குணங்கள் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குப் போகும் மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று பேட்சன் 1902இல் காட்டியதே கோழிக் கொண்டையை வைத்துத்தான். நாட்டுக்கோழியோடு கலந்த அசிலுக்கும் பட்டாணிக் கொண்டை வரும். உற்றுப் பார்த்தால் நடு வரிசை மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதனால் கொண்டையோடு நிறுத்தாமல் தாடியைப் பாருங்கள். சுத்த அசிலுக்குத் தொங்கும் தாடி இல்லாத மாதிரிதான் இருக்கும். கலப்பில் தாடி இறங்கும், தொடையில் பஞ்சு மயிர் ஏறும், நிற்பு படுக்கை வாட்டமாகும். என் கண்ணுக்குத் தொடை மயிர்தான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கிறது.

நிறத்தை வைத்து அசிலில் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. காகம், மயில், கீரி என்று சேவல்காரர்கள் சொல்வதெல்லாம் நிறப் பெயர். இனப் பெயர் இல்லை. அதே சமயம் கிளிமூக்கு விசிறிவால் என்பது தமிழ்நாட்டில் கண்காட்சிக்காகவே வளர்க்கப்படும் தனி வழி. வளைந்த அலகும் நீண்ட வாலும் அதன் அழகு. அதற்கு லட்சத்தில் விலை போவதும் உண்டு. ‘அசில்’ என்று ஒருவர் சொன்னால் எந்த வழி என்று கேட்டுவிடுங்கள். கறிக்கோழியின் ரத்தம் கலந்த கனமான ஒன்றை, எடையைக் காட்டி அசில் என்பதும் நடக்கிறது. தூக்கிப் பார்த்தால் தெரியும்: அசிலின் கனம் இறுகிய கனம், மற்றது கையில் தொளதொளவென்று வழியும்.

எங்கள் உயரத்துக்கு அசிலை நான் சொல்ல மாட்டேன். ஒட்டிய குட்டை இறகு குளிருக்குப் போர்வையாகாது. மார்கழி, தையில் ஊட்டிப் பள்ளங்களில் உறைபனி வெள்ளையாகப் படியும் காலத்தில் அவை குறுகி நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக்கழுத்துக் கோழிக்கும் இதே கதி. அந்தக் குணம் உடல் முழுக்கவே இறகைக் குறைக்கிறது. சமவெளி வெயிலில் அது வரம், இங்கே தண்டனை. அசில் பெட்டை அருமையான தாய் என்பதை மறுக்க முடியாது. முட்டை குறைவு, ஆனால் பொரித்த குஞ்சைக் கீரியிடம் கூட விட்டுக்கொடுக்காது. சேவல் இரண்டை ஒரே கொல்லையில் விட முடியாது. அக்கா வீட்டில் இடம் அவ்வளவு இல்லை.

சிறுவிடை

மூன்றிலும் அடையாளம் சொல்லக் கடினமானது, நாம் தினமும் பார்க்கும் சிறுவிடை. கடக்நாத்துக்கும் அசிலுக்கும் இப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோல் இருக்கிறது. சிறுவிடையில் செவலை, கருப்பு, புள்ளி, சாம்பல் எல்லாம் வரும். கால் வெள்ளையாகவும் மஞ்சளாகவும் ஈயமாகவும் இருக்கும். நீலகிரிக்கென்று தோடா எருமையும் நீலகிரி ஆடும் உண்டு. சாண்டிநல்லாவில் அந்த ஆட்டைக் காக்கவே ஒரு பண்ணை இருக்கிறது. கோழியில் அப்படி இந்த மலைக்கென்று பதிவான இனம் இல்லை. ‘ஊட்டி ஒரிஜினல் நாட்டுக்கோழி’ என்று பலகை வைத்தால் நம்பிவிடாதீர்கள்.

மஞ்சள் கால் என்றால் சீமைக் கோழி ரத்தம் என்று பல பேர் உறுதியாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். 2008இல் வந்த மரபணு ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது: வீட்டுக் கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. நம் தேயிலைக்குள் விடியற்காலையில் கூவுகிறதே, கழுத்தில் மெழுகுப் பொட்டு வைத்த அந்தக் காட்டுக்கோழிதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவை, உலகம் முழுக்க உள்ள மஞ்சள்கால் கோழிகளுக்கு அந்த நிறத்தைக் கொடுத்திருக்கிறது. எனக்கு இது படித்த நாளிலிருந்து அந்தக் கூவலே வேறு மாதிரிக் கேட்கிறது. ஆனால் அதற்காக, “இது காட்டுக்கோழி கலப்பு” என்று விலை ஏற்றுகிறவரிடம் வாங்காதீர்கள். காட்டுக்கோழி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

சிறுவிடையை நடத்தையிலும் வளர்ச்சியிலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு வாரக் குஞ்சு அரைக் கிலோவைத் தொடவே திணறும். அதே வயதில் ஒரு கிலோவை நெருங்கினால் அது பண்ணைக் கலப்பு. கால் குச்சியாக இருக்கும். பருந்து நிழல் பட்டால் ஒரே நொடியில் செடிக்குள் மறையும். சாயங்காலம் விட்டால் கொய்யா மரத்தில் ஏறிவிடும். பத்துப் பதினைந்து முட்டை போட்டதும் அடைக்கு உட்காரும். மேம்படுத்திய கோழிகளில் இந்த அடை குணத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள், முட்டை நிற்கக் கூடாது என்பதற்காக. ‘நாட்டுக்கோழி’ என்று வாங்கிய பெட்டை வருடம் முழுக்க அடைக்கே உட்காரவில்லை என்றால் அது நாட்டுக்கோழி இல்லை.

இன்னொன்று, அலகின் நுனி. ஹட்டி அம்மா எனக்குக் காட்டியது இது. மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியில் ஏறி வந்த ‘நாட்டுப் பெட்டை’ ஒன்றின் தலையைப் பிடித்து, “இங்க பாரு கண்ணு” என்றார். மேல் அலகு கீழ் அலகைவிடக் குட்டையாக, மழுங்கி இருந்தது. பெரிய பண்ணைகளில் கோழிகள் கொத்திக்கொள்ளாமல் இருக்கச் சின்ன வயதிலேயே அலகு நுனியை வெட்டுவார்கள். வீட்டில் பொரித்த கோழிக்கு யாரும் அலகு வெட்டுவதில்லை. முட்டை குறைந்து பண்ணை கழித்த கோழிதான் அப்படி மலையேறி வந்திருந்தது.

முட்டையாகவா, குஞ்சாகவா, வளர்ந்த கோழியாகவா?

அடைமுட்டை மலிவு. ஆனால் தகப்பன் யாரென்று முட்டை சொல்லாது. சேவலோடு ஒரு முறை சேர்ந்த பெட்டை இரண்டு மூன்று வாரம் வரை கருவுள்ள முட்டை போடும். விற்பவர் வீட்டில் நீங்கள் பார்க்கும் சேவலுக்கும் அந்த முட்டைக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம், பக்கத்து வீட்டுச் சேவல் போன வாரம் வேலி தாண்டியிருந்தால். மூன்று வாரமாவது அந்தச் சேவலோடு மட்டும் அடைத்து வைத்த பெட்டையா என்று கேட்டு, நம்பிக்கையான ஆளாக இருந்தால் மட்டும் முட்டை வாங்குங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த முட்டையைக் கூர்முனை கீழே இருக்க ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அடை வைப்பது நல்லது. கூமுட்டை குறையும்.

ஒரு நாள் குஞ்சை வாங்குவது எங்கள் குளிரில் மிகச் சிரமம். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கரண்ட் போன ஒரு ராத்திரியில் மொத்தமும் போய்விடும். இனம் கண்டுபிடிக்கவும் முடியாது. கடக்நாத் குஞ்சு நீலம் கலந்த கருப்பாக, முதுகில் ஒழுங்கில்லாத கோடுகளோடு இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் கலப்புக் குஞ்சும் அப்படி இருக்க முடியும். அரசுப் பண்ணையோ பல்கலைக்கழகமோ தரும் குஞ்சு என்றால் மட்டும் ஒரு நாள் குஞ்சுக்கு நான் சம்மதிப்பேன். அங்கே தாய்க்கூட்டத்துக்குக் கணக்கு இருக்கும். சாயம் ஏற்றிய பச்சை, ரோஸ் குஞ்சுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வளர்ந்த கோழியில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். வயது மட்டும் ஏமாற்றும், அதற்குச் சேவலின் முள் நீளத்தையும் கால் செதிலின் சொரசொரப்பையும் பாருங்கள். வந்த கோழியை இரண்டு மூன்று வாரம் தனியாக அடைத்து வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் ஒரு புதுக் கோழியோடு வந்து பழைய கூட்டத்தையே காலி செய்துவிடும்.

எல்லாம் பார்த்தபின் என் தேர்வு மூன்று மாதக் கோழி. நாக்கு நிறம், கொண்டை வடிவம், இறகின் கெட்டி எல்லாம் அதற்குள் நிலைத்திருக்கும். சேவல் பெட்டை பிரித்துத் தெரியும், ஆனால் சேவல்கள் இன்னும் கறிக்குப் போயிருக்காது. ஒரே ஈத்தை முழுதாகப் பார்க்கலாம். தடுப்பூசியும் போட்டு முடித்திருப்பார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்குச் சொன்னது

கோத்தகிரி உயரத்தில் இருக்கும் எனக்குச் சிறுவிடைதான். மூன்று வீடுகளிலிருந்து, மூன்று வேறு தாய்வழியிலிருந்து எடுத்து வளர்க்கிறேன். ஒரே வீட்டுக் கோழிகளையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் சில தலைமுறையில் பொரிப்பு குறைந்துவிடும். கருங்கோழி இங்கே பிழைக்கிறது, ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கூட்டை உலர்வாக வைக்க நான் படும் பாட்டுக்கு ஈடாக அது எனக்கு எதுவும் தருவதில்லை.

அக்கா இடம் வேறு. குளிர் குறைவு, கருங்கோழி கேட்டு வருகிறவர்களும் அங்கே உண்டு. ஆனால் ஆனி, ஆடியில் கொட்டும் தென்மேற்குப் பருவமழைதான் பயம். ஈரத் தரையில் ரத்தக்கழிச்சல் முதலில் குஞ்சைத்தான் பிடிக்கும். தரையிலிருந்து உயர்த்திய கூடு கட்டினால் கருங்கோழி வாங்கு, இல்லையென்றால் பக்கத்திலேயே கிடைக்கும் தலச்சேரியைச் சுத்தமாகத் தேடி எடு என்றேன். மழைக்குப் பழகிய கோழி, விலை குறைவு, கூடலூருக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். அவள் மனசு கருங்கோழியில்தான் நிற்கிறது. சரி, அவள் கூடு, அவள் காசு.

கூட்டுக்குக் கால் நட்டாகிவிட்டது. ஒரு வீட்டில் மூன்று மாதக் கருங்கோழி ஆறு இருப்பதாகச் சொல்லி, வரும் ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார்களாம். நேற்று ராத்திரி அக்கா போன் செய்தாள். “ஆறும் பெட்டையா, சேவலும் இருக்கான்னு கேட்டேன்” என்றாள். “ரெண்டு சேவல், நாலு பெட்டையாம். ஆறும் ஒரே அடையாம். தாய்க்கோழியையும் பிடிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன், நீயும் கிளம்பி வா.”